தோலில் இழுத்த பிறகு கத்தி மழுங்குவது ஏன்?

1000 கிரிட் (நடுத்தர நுண்மை) சாணைக் கல்லில் தீட்டியதும் தாளைச் சுத்தமாக வெட்டிய மரச்செதுக்குக் கத்தி, கூரை மெருகேற்றும் தோல் பட்டையில் ஐம்பது தடவை இழுத்ததும் வழுக்குகிறது என்று எழுதியிருந்தீர்கள். கல்லைக் குறை சொல்லாதீர்கள், சிக்கல் தோலில்தான். எனக்கும் முதல் வருடம் இதே கதை.

பழைய பெல்ட்டைத் தொங்கவிட்டு இழுக்கிறீர்களா? சவரக்கத்திக்கு அது சரி. செதுக்குக் கத்திக்கோ தொங்கும் தோல் குழிந்து விளிம்பின் மேல் ஏறி, கூர்விளிம்பை உருட்டி மழுக்கிவிடும். தோலை ஒரு தட்டையான பலகையில் ஒட்டுங்கள். குரோமியம் ஆக்சைடு கலந்த பச்சை மெருகுக் கட்டியைத் தோலில் லேசாகத் தேய்த்தால் போதும். கத்தியின் முதுகு முன்னே போக, கூர் பின்னால் வர வேண்டும். அழுத்தாதீர்கள். இழுப்பு முடியும் இடத்தில் மணிக்கட்டு தானாக நிமிரும். பாதிக் கூர் போவதே அங்கேதான். நிறுத்தி, பிறகு நேராகத் தூக்குங்கள். பக்கத்துக்குப் பதினைந்து போதும், ஐம்பதெல்லாம் வீண்.

இப்போது உருண்டிருப்பதைத் தோலால் சரிசெய்ய முடியாது. சரிவு (கூரை நோக்கிச் சாய்ந்திருக்கும் பகுதி) முழுக்க மார்க்கர் மை பூசி, கல்லில் இரண்டு இழுப்பு இழுத்துப் பாருங்கள். விளிம்பை ஒட்டி மெல்லிய கறுப்புக் கோடு மிஞ்சினால் கல் அங்கே தொடவில்லை என்று அர்த்தம். அந்தக் கோடு மறைந்து, மறுபக்கம் நுனி முதல் பிடி வரை பிசிறு (தீட்டும்போது விளிம்பில் மடிந்து எழும் மெல்லிய உலோகம்) விரலில் தட்டுப்படும்வரை தீட்டுங்கள். பக்கம் மாற்றி அதையே செய்துவிட்டு, பிசிறைக் கல்லிலேயே மெதுவாகப் பக்கம் மாற்றி மாற்றி இழுத்துக் குறைத்தபின் தோலுக்குப் போகலாம்.

சோதிக்கத் தாள் வேண்டாம். காய்ந்த மென்மரத்தில் மர இழைக்குக் குறுக்காக வெட்டுங்கள். வெட்டு பளபளத்தால் சரி, வெள்ளைக் கோடு தெரிந்தால் கூரில் எங்கோ சிறு உடைவு இருக்கிறது.

கத்தி எளிதில் துருப்பிடிக்கும் கார்பன் ஸ்டீல் என்பதால் கல்லின் ஈரத்தை உடனே துடைத்து, தையல் மெஷின் எண்ணெய் ஒரு சொட்டு தடவுங்கள். சாம்பல் நிறம் ஏறினால் பயப்பட வேண்டாம், சிவப்புத் துரு மட்டும் கூடாது.