1943 செம்பு சென்ட் வாங்கலாமா? போர்க்கால நாணயங்கள் பற்றிய கேள்வி-பதில்

கேள்வி: 1943 என்று பொறித்த அமெரிக்க ஒரு சென்ட் காசு, செம்பு நிறத்தில், இணையத்தில் விற்பனைக்கு வந்திருக்கிறது. மிக அபூர்வம் என்கிறார் விற்பவர். நம்பிப் பணம் கட்டலாமா?

பதில்: அபூர்வம் என்பது உண்மை. அதனாலேயே அவசரப்படாதீர்கள்.

போர்க்காலத்தில் தோட்டா, குண்டு உறைகளுக்குச் செம்பு தேவைப்பட்டது. ஆகவே 1943இல் அமெரிக்க நாணயச்சாலைகள் சென்ட் காசை, துத்தநாகம் பூசிய எஃகில் அடித்தன. வெள்ளையாக இருந்த அதைப் பத்து சென்ட் என்று நினைத்து மக்கள் குழம்பினார்கள். அடுத்த ஆண்டே பழையபடி செம்புக்குத் திரும்பிவிட்டார்கள். இடையில், முந்தைய ஆண்டின் செம்புக் கலவை வில்லைகள் (இன்னும் அச்சடிக்காத வட்டத் தகடுகள்) சில தவறுதலாக 1943 அச்சில் அடிபட்டுவிட்டன. உலகம் முழுக்கத் தேடினாலும் அவை மிகச் சிலதான்.

அந்தப் பெயரை வைத்துத்தான் போலி வியாபாரம் நடக்கிறது. எஃகுக் காசுக்குச் செம்புப் பூச்சு கொடுப்பது ஒரு வழி. இதைக் கண்டுபிடிக்கக் காந்தம் போதும், ஒட்டினால் போலி. 1948ஆம் ஆண்டுக் காசின் 8-ஐச் செதுக்கி 3 ஆக்குவது இன்னொரு வழி. அது உண்மையான செம்புக் கலவை என்பதால் காந்தத்தில் ஒட்டாது. எடையும் சரியாக 3.11 கிராம் காட்டும் (எஃகுக் காசு சுமார் 2.7 கிராம்தான்). இங்கே எண்ணின் வடிவத்தைப் பாருங்கள். அசல் 1943இல் 3-இன் வால் மற்ற எண்களைவிட நன்றாகக் கீழே இறங்கியிருக்கும்; செதுக்கிய 3-இல் அப்படி இருக்காது.

இதையெல்லாம் படத்தில் பார்த்து முடிவு செய்ய முடியாது. நாணயங்களைச் சோதித்து, சீல் வைத்த உறையில் சான்று எண்ணுடன் தரும் நிறுவனங்கள் இருக்கின்றன. அந்தச் சோதனைக்கு விற்பவர் சம்மதிக்காவிட்டால் வாங்கவே வேண்டாம். சான்று ஏற்கெனவே இருந்தால், அந்த எண்ணை அந்த நிறுவனத்திடமே சரிபாருங்கள். உறையிலும் போலி உண்டு.

கேள்வி: சாதாரண எஃகு சென்ட் ஒன்று புதுசுபோலப் பளபளக்கிறது. கூடுதல் விலை கேட்கிறார்கள். சரிதானா?

பதில்: நூறு கோடிக்கும் மேல் அடித்த காசு இது. அபூர்வம் இல்லை. துத்தநாகம் பூசிய தகட்டிலிருந்து வில்லைகளை வெட்டியதால் விளிம்பில் பூச்சு கிடையாது. ஈரம் பட்டால் முதலில் அங்கேதான் துருப்பிடிக்கும். துருவைப் போக்கி, பிற்காலத்தில் மறுபூச்சு பூசி விற்பவர்கள் ஏராளம். விளிம்பும் முகமும் ஒரே மாதிரி மின்னினால் சந்தேகப்படுங்கள். மறுபூச்சுக் காசை விரும்பி வாங்கலாம், அதில் தப்பில்லை. ஆனால் அசல் பளபளப்புக்கான விலையைக் கொடுக்காதீர்கள்.

கேள்வி: போர்க்கால நாணயம் என்றால் வெள்ளி கூடுதலா, குறைவா?

பதில்: நாட்டைப் பொறுத்தது. அமெரிக்காவில் தட்டுப்பாடு நிக்கலுக்கு. அதனால் 1942 இறுதியிலிருந்து 1945 வரை அடித்த ஐந்து சென்ட் காசில் நிக்கலை எடுத்துவிட்டு 35 சதவீதம் வெள்ளி சேர்த்தார்கள். பின்பக்கக் கட்டடத்தின் குவிமாடத்துக்கு மேலே, எந்த நாணயச்சாலையில் அடித்தது என்று காட்டும் எழுத்து பெரியதாக இருந்தால் அது வெள்ளிக் காசு. அந்த எழுத்தே இல்லாமல் 1944 என்று வருவது பேர்பெற்ற போலி.

பிரிட்டிஷ் இந்தியாவில் நிலைமை தலைகீழ். செம்பை மிச்சப்படுத்த 1943இல் ஓட்டைக் காலணா வந்தது எல்லாருக்கும் தெரியும். ரூபாயில் நடந்ததைத்தான் பலர் கவனிப்பதில்லை. 11.66 கிராம் எடை மாறாமலே, 91.7 சதவீதமாக இருந்த வெள்ளி 1940இல் 50 சதவீதமாக இறங்கியது. 1947இல் வெள்ளியே போய் நிக்கல் ரூபாய் வந்தது. எனவே ஜார்ஜ் மன்னர் ரூபாயை யாராவது வெள்ளி எடைக்கு விலை சொன்னால், முதலில் ஆண்டைப் படியுங்கள். 1940 முதல் 1945 வரை என்றால் அதில் இருக்கும் வெள்ளி 5.83 கிராம்தான்.