அடுக்கு இரும்பு ஆக்சைடுகள், புலத்திலும் அழுத்தத்திலும்: கேள்வி பதில்

கேள்வி: டெலாஃபோசைட் (செம்பு, இரும்பு அடுக்குகள் மாறிமாறி வரும் படிக அமைப்பு) வகைக் காப்பர் இரும்பு ஆக்சைடு பொடியின் காந்தமாக்கத்தை 9 டெஸ்லா புலம் வரை அளந்தேன். 7 டெஸ்லாவில் வரவேண்டிய தாவல் மழுங்கிவிட்டது. மாதிரி கெட்டதா?

பதில்: மாதிரியைக் குறை சொல்லாதீர்கள். 11 கெல்வினுக்குக் கீழே ஸ்பின்கள் (இரும்பு அணுக்களின் குட்டிக் காந்தங்கள்) அடுக்குகளுக்குச் செங்குத்தான சி அச்சை ஒட்டி மேல், மேல், கீழ், கீழ் என நிற்கும். அந்த அச்சில் சுமார் 7 டெஸ்லா ஏறினால் ஸ்பின்களின் சுருள் அமைப்பு பிறந்து 13 டெஸ்லா வரை நீடிக்கும், மின்முனைவும் (நேர், எதிர் மின்னூட்டங்கள் விலகி நிற்பது) அங்கேதான். பொடியில் ஒவ்வொரு துகளின் அச்சும் ஒவ்வொரு பக்கம் பார்ப்பதால் தாவல் கலைந்துவிடும். இறுக்காத துகள் புலத்தில் திரும்பவும் செய்யும். அப்போது ஏறும் வளைவும் இறங்கும் வளைவும் பிரியும். இந்த மாற்றத்துக்கே இயல்பான ஹிஸ்டெரிசிஸ் (ஏற்றத்திலும் இறக்கத்திலும் வேறு வேறு புலத்தில் நடப்பது) இருப்பதால் எது எதனால் என்று பிரித்தறிய முடியாது. 37 டிகிரியில் உருகும் ஐக்கோசேன் மெழுகில் குழைத்து உறையவிடுங்கள். தாவலே வேண்டுமானால் ஒற்றைப் படிகம்தான் வழி. லாவே படத்தில் (படிகத்தின் எக்ஸ் கதிர்ச் சிதறல் படம்) திசை பார்த்து ஒட்டுங்கள்.

கேள்வி: பொடியைப் பஞ்சால் அழுத்தி வைத்தால் போதாதா?

பதில்: போதாது. மெழுகு.

கேள்வி: ஸ்ட்ரான்சியம் இரும்பு ஈராக்சைடு செய்தபோது உலோக இரும்பு வந்துவிட்டது.

பதில்: வெப்பம் கூடியிருக்கும். ஆக்சிஜனைப் பறிக்கும் கால்சியம் ஹைட்ரைடை, மூலப்பொருளைப் போல் மோல் கணக்கில் இரு மடங்கு எடுத்து, அதோடு சேர்த்துக் காற்றில்லாப் பெட்டிக்குள் அரைத்து, வெற்றிடக் கண்ணாடிக் குழாயில் அடைத்து 280 டிகிரியில் இரண்டு நாள் வையுங்கள். மிச்சத்தை உலர்ந்த மெத்தனாலில் கரைத்த அம்மோனியம் குளோரைடால் கழுவுங்கள். எடையில் ஆயிரத்தில் ஒரு பங்கு இரும்பு இருந்தாலே கிராமுக்கு 0.2 ஈ.எம்.யு. (காந்தமாக்க அலகு) கூடிவிடும், காந்த அளவீடு வீண்.

கேள்வி: இதே சேர்மம் சுமார் 33 ஜிகாபாஸ்கலில் அயக்காந்தமாகிறது என்பதை மாஸ்பவர் கோடுகளை (இரும்பு அணுக்கரு காமாக் கதிரை உறிஞ்சும் கோடுகள்) வைத்து எப்படிச் சொல்கிறார்கள்?

பதில்: புலம் போட்டுத்தான். காமாக் கதிரின் திசையிலேயே புலம் கொடுத்தால், அயக்காந்தத்தில் அணுக்களின் காந்தத் திருப்புத்திறன்கள் புலத்தோடு சேர்ந்து நிற்கும்; ஆறு கோடுகளில் இரண்டாவதும் ஐந்தாவதும் மறையும். அவை ஒன்றுக்கொன்று எதிராக நிற்கும் எதிர் அயக்காந்தத்தில் கோடுகள் மறையாது.

கேள்வி: ஒப்பமாட்டேன். அழுத்தம் தரும் வைரப் பட்டடைக்குள் தட்டைத் துகள்கள் ஒரே பக்கமாகப் படிந்தாலும் அக்கோடுகள் மங்குமே?

பதில்: நியாயமான ஆட்சேபம், அதற்கு இரண்டு சோதனை உண்டு. ஒன்று, அதே அழுத்தத்தில் புலமின்றி அளப்பது: படிவுதான் காரணமென்றால் அப்போதே அவை மங்கியிருக்கும். இன்னொன்று கோடுகளுக்கு இடையிலான பிளவின் அகலம். இரும்பின் உட்புலம் (அணுக்கரு உணரும் காந்தப்புலம்) திருப்புத்திறனுக்கு எதிர்த்திசை. அயக்காந்தமானால் வெளிப்புலம் முழுதாகக் கழிந்து பிளவு குறுகும். படிவால் அது நடக்காது. அழுத்தத்தைச் சீராகப் பரப்பும் ஊடகத்தை மட்டும் அலட்சியம் செய்யாதீர்கள்: மெத்தனால் எத்தனால் கலவை 10 ஜிகாபாஸ்கலுக்கு மேல் கெட்டியாகிவிடும். 33க்கு ஹீலியம் நிரப்புங்கள்.

கேள்வி: ஹேமடைட் என்ற இரும்பு ஆக்சைடில் ஸ்பின்களின் திசை மாறும் மோரின் மாற்றம் எந்த வெப்பநிலையில்?

பதில்: சுமார் 260 கெல்வின். மற்றதைப் பாறைக்காந்தம் படித்தவர்களிடம் கேளுங்கள்.

கேள்வி: நானும் பொடியைத்தான் அளக்கிறேன், தாவல் தெரியவில்லை...

பதில்: முதல் பதிலைப் படியுங்கள்.