பெஸ்டல் பெட்டி இல்லாத சித்திர வகுப்பு

கேள்வி: ஐயா, ஹட்டன் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டப் பாடசாலையில் தரம் 7 பிள்ளைகளுக்குச் சித்திரம் படிப்பிக்கிறேன். எதை வரையச் சொன்னாலும் இரண்டு முக்கோண மலை, நடுவில் சூரியன், ஓரத்தில் ஒரு தென்னை. பாதிப் பேரிடம் பெஸ்டல் பெட்டியும் இல்லை. என்ன செய்யலாம்?

பதில்: மகள், அந்தத் தென்னையைக் கவனித்தீர்களா? தோட்டத்தில் தென்னை எங்கே நிற்கிறது? எப்போதோ யாரோ கரும்பலகையில் போட்டுக் காட்டிய படம் அது. நீங்கள் எதையும் வரைந்து காட்டாதீர்கள். வகுப்பை வெளியே கூட்டிக்கொண்டு போங்கள்.

மழை விட்ட காலை நேரம் நல்லது. கிட்டத்து மலை கரும்பச்சை, தேயிலை நிரைகூடத் தெரியும். அதற்குப் பின்னால் உள்ளது வெளிறியிருக்கும். கடைசி மலை நீலமா, சாம்பலா என்று பிள்ளைகளே சண்டை பிடிக்கட்டும். தூரம் கூடக்கூட இடையில் காற்றும் ஈரமும் கூடுவதால் வரும் மாற்றம் இது. நம் பிள்ளைகள் தினமும் பார்க்கிறார்கள். கேட்கத்தான் ஆள் இல்லை.

வர்ணத்துக்குத் தேயிலைச் சாயமே போதும். கடும் சாயமாகக் காய்ச்சி மூன்று சிரட்டையில் ஊற்றுங்கள். ஒன்றை அப்படியே விட்டு, இரண்டாவதில் கொஞ்சமும் மூன்றாவதில் நிறையவும் தண்ணீர் விடுங்கள். வெளிறிய சாயத்தில் தூர மலை, காய்ந்த பிறகு அடுத்தது, கடைசியில் கிட்டத்து மலை. கறுப்பு வேண்டுமென்றால் அதே சாயத்தில் துருப்பிடித்த ஆணிகளைப் போட்டு, கொஞ்சம் வினாகிரியும் விட்டு ஓரிரு நாள் வையுங்கள், மை மாதிரிக் கறுத்துவிடும். மஞ்சள் தூள் வெயிலில் வெளிறும், ஆனால் சவர்க்காரத் தண்ணீர் தொட்டால் சிவக்கும். அதைப் பார்க்கப் பிள்ளைகளுக்கு எவ்வளவு சந்தோஷம்! பீட்ரூட் வேண்டாம், சீக்கிரம் பழுப்பேறிவிடும்.

அப்புறம் மனித உருவம். கண்டிக்குப் பக்கத்தில் தெகல்தொருவ விகாரை இருக்கிறது. அதன் 18ஆம் நூற்றாண்டுச் சுவரோவியங்களின் படத்தையாவது காட்டுங்கள். புத்தரின் முற்பிறவிகளைச் சொல்லும் ஜாதகக் கதைகள் நீளப் பட்டிகளாக ஓடும், ஒரே ஆள் காட்சிக்குக் காட்சி திரும்ப வருவார். அதேபோல நீளத் தாளில் அம்மாவின் ஒரு நாளை வரையச் சொல்லுங்கள்: லயத்து வீட்டு அடுப்பு, தேயிலை நிரை, கொழுந்து நிறுக்கும் மடுவத்துத் தராசு, அந்தியில் பீலிக் குழாயில் விழும் தண்ணீர். தெரியாததை வீட்டில் கேட்டு வரட்டும்.

சுத்தமாக வர்ணம் பூசியதற்காகப் புள்ளியை அள்ளிக் கொடுக்காதீர்கள். கூடைக் கயிறு அம்மாவின் தலையில் எந்த இடத்தில் படிகிறது என்று பார்த்து வரைந்த பிள்ளைக்குக் கொடுங்கள்.