விடைத்தாளில் இல்லாத தேதி

அன்புள்ள அம்மாவுக்கு,

வணக்கம். நான் லாஸ்பேட்டையில் இருக்கிறேன். வயது 26. புதுச்சேரி கடற்கரைக்கு அருகில் ஒரு மதுக்கூடத்தில் மாதத்தின் கடைசி வியாழன் இரவு பொது அறிவு வினாடி வினா நடக்கிறது. மேசைக்கு நான்கு பேர் ஓர் அணி. இந்த மாதம் வினாக்களைத் தயாரிக்கும் பொறுப்பு என்னிடம் வந்திருக்கிறது. நாற்பது வினாக்கள் வேண்டும். இணையத்தில் திரட்டியவற்றில் பத்தை மாதிரிக்கு இணைத்திருக்கிறேன். நல்ல வினாக்களை எங்கிருந்து எடுப்பது? மேசைக்கடியில் கைப்பேசியைப் பார்ப்பவர்களை எப்படித் தடுப்பது? குடிக்கிற இடத்தில் என்ன அறிவு வேண்டிக்கிடக்கிறது என்று அப்பா கேட்கிறார். எல்லாம் கைப்பேசியிலேயே கிடைக்கும்போது பொது அறிவால் என்ன பயன் என்று எனக்கும் சில நேரம் தோன்றுகிறது. பெயரை வெளியிட வேண்டாம்.

*

அன்புள்ள தம்பி,

சென்ற மாதம் கடலூர் வீட்டில் பரணை ஒழித்துக்கொண்டிருந்தபோது பழைய தகரப் பெட்டியில் ஒரு சான்றிதழ் அகப்பட்டது. 1983, பள்ளிகளுக்கு இடையிலான வினாடி வினா, ஆறுதல் பரிசு. நீல மையில் இரண்டு பெயர்கள். கிழித்துப் போடவும் மனமில்லை, திரும்பப் பெட்டிக்குள் வைக்கவும் மனமில்லை. மேசைமேலேயே கிடக்கிறது. அந்த நேரத்தில்தான் உங்கள் கடிதம் வந்தது.

கைப்பேசிக்காரர்களைப் பற்றி நான் கவலைப்பட மாட்டேன். மேசைக்கு ஒரு கூடை வைத்து வாங்கிப் போடுங்கள். தர மறுப்பவர் வேடிக்கை பார்க்கட்டும்.

அப்பாவிடம் இதைச் சொல்லுங்கள். 1951-ல் கின்னஸ் மது நிறுவனத்தின் நிர்வாக இயக்குநர் ஹியூ பீவர் அயர்லாந்தின் வெக்ஸ்ஃபோர்டு பகுதிக்கு வேட்டைக்குப் போனார். ஐரோப்பாவின் வேட்டைப் பறவைகளில் எது மிக வேகமாகப் பறப்பது என்று அங்கே ஒரு வாக்குவாதம். புத்தகங்களைப் புரட்டியும் விடை கிடைக்கவில்லை. மதுக்கடைகளில் இரவுதோறும் இப்படி எத்தனை வாக்குவாதங்கள் தீராமல் கிடக்கும் என்று யோசித்தார். அந்த யோசனைதான் 1955-ல் கின்னஸ் சாதனைப் புத்தகமாக வந்தது. நான் மதுவுக்குப் பரிந்து பேசவில்லை. குடியால் அழிந்த வீடுகள் எங்கள் தெருவிலேயே உண்டு. ஆனால் நான்கு பேர் ஒரு மேசையில் தலையோடு தலை சேர்த்து ஒரு தேதிக்காக மண்டையை உடைத்துக்கொள்ளும் அந்த ஒரு மணி நேரம் எனக்குப் பிடித்திருக்கிறது. இத்தகைய துணுக்குத் தகவல்களை ஆங்கிலத்தில் டிரிவியா என்கிறார்கள். அந்தச் சொல்லின் லத்தீன் வேருக்கு மூன்று தெருக்கள் கூடும் இடம் என்று பொருள். நம் முச்சந்தி. முச்சந்திப் பேச்சு இழிவானது என்று நான் ஒருநாளும் நினைத்ததில்லை.

இனித் திட்டப் போகிறேன். நிலவிலிருந்து கண்ணுக்குத் தெரியும் கட்டுமானம் சீனப் பெருஞ்சுவர் என்று மூன்றாவது வினாவில் எழுதியிருக்கிறீர்கள். தவறு. நீளம் எவ்வளவு இருந்தாலும் சுவரின் அகலம் சில மீட்டர்தான். 2003-ல் விண்வெளிக்குப் போன முதல் சீனர் யாங் லிவெய், பூமியைச் சுற்றி வந்தபோதே அது தன் கண்ணில் படவில்லை என்று சொல்லிவிட்டார். அவர் பறந்த உயரம் எங்கே, நிலவு எங்கே! இந்தியாவின் தேசிய விளையாட்டு ஹாக்கி என்கிறது ஐந்தாவது. எந்த விளையாட்டையும் அப்படி அறிவிக்கவில்லை என்று தகவல் உரிமைச் சட்டத்தின்கீழ் கேட்கப்பட்டதற்கு விளையாட்டு அமைச்சகமே 2012-ல் பதில் தந்திருக்கிறது. பத்தில் இரண்டு பொய், தம்பி. ஒருவர் எழுதியதை இன்னொருவர் படியெடுக்க, அதை நீங்கள் படியெடுத்திருக்கிறீர்கள். நடுவில் ஒருவராவது நின்று சரிபார்த்தாரா?

அமெரிக்காவில் பிரெட் வொர்த் என்பவர் இத்தகைய தகவல்களைத் தொகுத்துக் கலைக்களஞ்சியம் போட்டார். படியெடுப்பவர்களைப் பிடிப்பதற்காக, கொலம்போ என்ற தொலைக்காட்சித் துப்பறிவாளரின் முதற்பெயர் பிலிப் என்று ஒரு பொய்யை அதற்குள் வைத்தார். டிரிவியல் பர்சூட் என்ற வினாடி வினா விளையாட்டின் வினா அட்டையில் அதே பிலிப் அச்சாகி வந்தது. 1984-ல் வழக்குத் தொடுத்தார். தகவல்களுக்குப் பதிப்புரிமை இல்லை என்று வழக்கில் தோற்றார். வழக்கு போகட்டும். அந்த அட்டையைப் படித்து, பிலிப் என்று சொல்லாதவரின் மதிப்பெண்ணைப் பிடுங்கினார்களே, அவர்களைத்தான் நான் நினைத்துக்கொள்கிறேன்.

ஏழாவது வினா: ‘புதுச்சேரி இந்தியாவுடன் இணைந்த ஆண்டு எது? விடை: 1954.’ இந்த ஒரு வரிக்காகத்தான் உங்களுக்குப் பதில் எழுதுகிறேன்.

1983-ல் அந்தப் போட்டி கடலூரில் ஒரு பள்ளிக் கூடத்தில் நடந்தது. மின்மணியெல்லாம் அப்போது ஏது? சைக்கிள் மணிகளைக் கழற்றி மேசை விளிம்பில் திருகி வைத்திருந்தார்கள். என்னோடு அணியில் இருந்தவள் பாகூரிலிருந்து தினமும் பஸ்ஸில் வருபவள். கன்னியக்கோயிலில் மாநில எல்லையைக் கடந்து வந்து எங்களோடு படித்தாள். அவளுடைய தாத்தா ‘சொல்தா’. பிரெஞ்சுப் படையில் சேர்ந்து வியட்நாமின் சைகோன்வரை போய் வந்தவர்.

புதுச்சேரி சட்டப்படி இந்தியாவுடன் இணைந்த நாள் எது என்று கேட்டார்கள். நான் மணியைத் தொடுவதற்குள் அவள் அடித்துவிட்டாள். எழுந்து நின்று, “1962 ஆகஸ்டு 16” என்றாள். நடுவர் கையிலிருந்த தாளைப் பார்த்தார். “தவறு” என்றார். அடுத்த அணி 1954 என்றது. பத்து மதிப்பெண். சட்டப்படி என்று வினாவிலேயே இருக்கிறதே என்று அவள் கேட்டாள். தாளில் உள்ளதுதான் விடை, உட்கார் என்றார்கள். உட்கார்ந்தாள். சைக்கிள் மணியின் மூடியை ஒரு விரலால் மெல்லச் சுற்றிக்கொண்டே இருந்தாள். அது அடிக்காத அளவுக்கு மெல்ல. போட்டி முடியும்வரை அவள் இன்னொரு முறை அந்த மணியை அடிக்கவில்லை.

அவளுக்கு 1962 எப்படித் தெரியும்? பாடப்புத்தகத்தில் படித்ததில்லை. அவள் வீடு இரண்டாகப் பிரிந்த ஆண்டு அது. 1954 அக்டோபர் 18 அன்று கீழூரில் மக்கள் பிரதிநிதிகள் 178 பேர் வாக்களித்தார்கள். இணைப்புக்கு ஆதரவாக 170, எதிராக 8. நவம்பர் 1 அன்று நிர்வாகம் கைமாறியது. ஆனால் அது நிர்வாகம் மட்டும்தான். ஒப்படைப்பு ஒப்பந்தம் 1956 மே மாதம் கையெழுத்தானது. பிரான்சு நாடாளுமன்றம் அதற்கு ஒப்புதல் தர 1962 ஆகிவிட்டது. இடையில் பிரான்சின் பிடியிலிருந்த அல்ஜீரியாவில் விடுதலைப் போர் நடந்துகொண்டிருந்தது. ஒரு நிலத்தைக் கொடுத்தால் இன்னொன்றையும் கொடுக்க வேண்டிவரும் என்ற தயக்கம் பாரிசில் இருந்தது. 1962 ஜூலையில் அல்ஜீரியா விடுதலை பெற்றது. ஆகஸ்டு 16-ல் புதுச்சேரி சட்டப்படி இந்தியாவுடையதானது.

அன்றிலிருந்து ஆறு மாதம் தவணை. பிரெஞ்சுக் குடியுரிமையை வைத்துக்கொள்ள விரும்புபவர்கள் அதற்குள் எழுதிக் கொடுக்க வேண்டும். எழுதிக் கொடுக்காதவர் இந்தியர். அவளுடைய தாத்தா எழுதிக் கொடுக்கவில்லை. தாத்தாவின் தம்பி எழுதிக் கொடுத்துவிட்டுக் கப்பல் ஏறினார். ஒரே திண்ணையில் வளர்ந்த அண்ணன் ஒரு நாட்டவர், தம்பி வேறு நாட்டவர். பிரான்சில் தேர்தல் வந்தால் இன்றும் புதுச்சேரியில் வாக்குச்சாவடி வைக்கிறார்களே, அதன் வேர் அந்த ஆறு மாதத்தில் இருக்கிறது. இவ்வளவையும் நடுவரின் தாள் நான்கு இலக்கமாக்கி வைத்திருந்தது. உங்கள் தாளும் அதையே செய்திருக்கிறது.

1954 தவறு என்று நான் சொல்லவில்லை. நவம்பர் 1 புதுச்சேரியின் விடுதலை நாள். அதில் எனக்கு மாற்றுக் கருத்தில்லை. ஓர் ஊருக்கு இரண்டு தேதிகள் இருக்கும்போது ஒன்றை மட்டும் எழுதி, மற்றதைச் சொன்னவரை உட்கார வைப்பது அநியாயம் என்கிறேன். ஆண்டு எது என்று கேட்பதை விட்டுவிட்டு, ஏன் இரண்டு ஆண்டுகள் என்று கேளுங்கள். கைப்பேசி உங்களுக்கு ஒரு நொடியில் ஆண்டைச் சொல்லிவிடும். ஏன் என்று கேட்க வேண்டும் என்பது அந்தப் பெண்ணைப் போல ஒருத்திக்குத்தான் தோன்றும். பொது அறிவால் என்ன பயன் என்று கேட்டீர்களே, இதைவிட வேறு பதில் என்னிடம் இல்லை.

இத்தகைய வினாக்களுக்கு நீங்கள் இணையத்தில் அலைய வேண்டாம். கடலூர் பஸ்ஸில் ஏறுங்கள். 1690-ல் ஆங்கிலேயர் மராத்தியரிடம் தேவனாம்பட்டினம் கோட்டையை விலைக்கு வாங்கியபோது, பீரங்கிக் குண்டு போய் விழும் தூரம்வரை உள்ள நிலமும் சேர்த்தி என்பது பேச்சு. நாலா பக்கமும் சுட்டார்கள். உள்ளே அகப்பட்ட ஊர்கள் குண்டு கிராமங்கள் ஆயின. குண்டு சாலை, குண்டு உப்பலவாடி என்ற பெயர்களை அதோடு சேர்த்துத்தான் எங்கள் ஊரில் சொல்வார்கள். நிலத்தை எதைக் கொண்டு அளந்தார்கள் என்று கேட்டுப் பாருங்கள். உங்கள் மதுக்கூடமே அடங்கிவிடும்.

அதே கோட்டையை 1758-ல் பிரெஞ்சுத் தளபதி லாலி பிடித்து இடித்தார். 1761 ஜனவரியில் புதுச்சேரி வீழ்ந்ததும் ஆங்கிலேயர் அதற்குப் பழிவாங்க நகரத்தைத் தரைமட்டமாக்கினார்கள். ஆனந்தரங்கப் பிள்ளை மறைந்ததும் அதே மாதத்தில். இருபத்தைந்து ஆண்டுகள் நாட்குறிப்பு எழுதிய மனிதர், தன் நகரம் இடிந்ததை எழுதவில்லை. பிரெஞ்சுக்காரர் கட்டிய பழைய நகரம் என்று நீங்கள் படம் எடுக்கும் தெருக்களில் பெரும்பாலான வீடுகள் அந்த இடிபாட்டுக்குப் பிறகு எழுந்தவை. ஏன் என்பதற்கு விடை இருபது சொச்சம் கிலோமீட்டர் தள்ளி, கடலூரின் கெடிலம் ஆற்றங்கரையில் கிடக்கிறது.

இன்னொன்று. அமெரிக்க விடுதலைப் போரை ஒட்டி மூண்ட பிரிட்டன்–பிரான்சு போரின் கடைசி மோதல்கள் எங்கே நடந்தன? கடலூரில், 1783 ஜூனில். கடலில் பிரெஞ்சுக் கடற்படைத் தளபதி சுஃப்ரானும் ஆங்கிலேயக் கடற்படைத் தளபதி ஹியூஸும் மோதினார்கள். நகருக்குள் பிரெஞ்சுத் தளபதி புஸ்ஸி முற்றுகையில் இருந்தார். இதில் என்ன கொடுமை என்றால், ஐரோப்பாவில் பூர்வாங்கச் சமாதானம் அந்த ஜனவரி 20-லேயே கையெழுத்தாகிவிட்டது. செய்தி கப்பலில் வந்துகொண்டிருந்தது. அது வந்து சேர்வதற்குள், முடிந்துபோன போரில் எங்கள் ஊர் மண்ணில் செத்தார்கள். பள்ளிக்கூடத்தில் ஒருவரும் எனக்கு இதைச் சொல்லவில்லை. முப்பது வயதுக்கு மேல் நானாகப் படித்துத் தெரிந்துகொண்ட அன்று தேவனாம்பட்டினம் கடற்கரையில் வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன்.

உங்கள் பத்தில் ஆறை வெட்டிவிட்டேன், தனியே அனுப்புகிறேன். ஏழாவதை இப்படி எழுதுங்கள்: ‘புதுச்சேரிக்கு இரண்டு இணைப்பு நாட்கள். இடையில் ஏறத்தாழ எட்டு ஆண்டுகள். நாட்களையும் தாமதத்தின் காரணத்தையும் சொல்லுங்கள்.’ ஒரு தேதி மட்டும் சொல்பவருக்கும் மதிப்பெண் கொடுங்கள். போட்டிக்கு முந்திய ஞாயிறு கீழூர் போய், அந்த வாக்களிப்பு நடந்த இடத்தில் உள்ள நினைவிடத்தைப் பார்த்துவிட்டு வாருங்கள்.

வியாழன் இரவு யாராவது 1962 என்று சொன்னார்களா என்று எனக்கு எழுதுங்கள். அன்று நான் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன். அவள் வீட்டுக் கதை எனக்கும் தெரியும். ஆனாலும் எழுந்து ஒரு வார்த்தை சொல்லவில்லை. அவள் இப்போது காரைக்காலில் இருக்கிறாள். சான்றிதழ் கிடைத்ததை இன்னும் அவளிடம் சொல்லவில்லை. உங்கள் பதில் வந்ததும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன்.

அன்புடன்