பில் பிராண்ட் ஏன் முக்கியமான புகைப்படக்காரர்?

ஹாம்பர்க்கில் 1904-இல் பிறந்த பிராண்ட், பாரிசில் புகைப்படக் கலைஞர் மான் ரேயிடம் சில காலம் இருந்துவிட்டு 1930-களில் லண்டனில் குடியேறினார். 1936-இல் வந்த முதல் புத்தகத்திலேயே இங்கிலாந்தின் பணக்கார வாழ்வையும் ஏழ்மையையும் எதிரெதிரே வைத்தார். 1940-இல், குண்டுவீச்சிலிருந்து தப்பிக்க சுரங்க ரயில் நிலையங்களில் படுத்துறங்கிய மக்களை அரசுக்காகப் படமெடுத்தார்.

அப்புறம் வந்த கட்டம்தான் எனக்கு அவருடைய உச்சம். போலீசார் குற்றம் நடந்த இடங்களைப் பதிவுசெய்யப் பயன்படுத்திய ரகத்தில், மரத்தாலான பழைய கோடாக் கேமரா ஒன்றை வாங்கினார். அதன் அகலக்கோண லென்ஸில் சின்ன அறையும் நீண்டு கிடக்கும். அருகிலுள்ள கையோ காலோ பாறைபோலப் பெருத்துவிடும். அந்தச் சிதைவைத் துணிந்து ஏற்று எடுத்த நிர்வாணப் படங்கள் 1961-இல் புத்தகமாயின. பிற்காலத்தில் தன் பழைய படங்களையும் கறுப்பு இன்னும் அழுத்தமாக விழும்படி மறுபடி அச்சிட்டார். முடிந்தால் இரண்டு அச்சுகளையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.