மருந்துக்குப் பழகியது உடம்பல்ல

கேள்வி: எழுபது வயதைக் கடந்த என் அம்மாவுக்குச் சிறுநீர்த் தொற்று அடிக்கடி வருகிறது. ஒவ்வொரு முறையும் பழைய துண்டைக் காட்டிப் பாமசியில் அதே குளிசையை வாங்கிக் கொடுத்தோம். இம்முறை காய்ச்சலும் விலா வலியும் ஏற்பட்டு, வாட்டில் அனுமதித்து ஊசிமருந்து ஏற்ற வேண்டியதாயிற்று. அவருடைய உடம்பு மருந்துக்குப் பழகிவிட்டதா? புதிய மருந்துகள் வருவதில்லையா?
– வாசகி, வெள்ளவத்தை

பதில்: பழகியது அம்மாவின் உடம்பல்ல, அதில் வாழும் பக்டீரியாக்களே. சிறுநீர்த் தொற்றுக்குப் பெரும்பாலும் காரணமான ஈ.கோலை குடலில் இயல்பாகவே வாழ்வது. ஒவ்வொரு முறை நுண்ணுயிர்க்கொல்லிக் (அன்டிபயோட்டிக்) குளிசை உட்கொள்ளும்போதும் அதற்கு மடியக்கூடியவை மடிய, தாங்கக்கூடியவை எஞ்சிப் பெருகுகின்றன. சில பக்டீரியாக்கள் பெனிசிலின் வகை மருந்துகளைச் சிதைக்கும் நொதியைச் சுரக்கின்றன. சில உள்ளே நுழைந்த மருந்தை வெளியே தள்ளிவிடுகின்றன. இவற்றைவிடக் கவலைக்குரியது, இந்த ஆற்றலுக்கான மரபணு பிளாஸ்மிட் எனப்படும் சிறு டி.என்.ஏ. வளையத்தில் ஏறி, வேறு இன பக்டீரியாக்களுக்குக்கூடக் கைமாறுவதாகும். ஆகவே, ஒரு மருந்தை ஒருபோதும் உட்கொள்ளாதவருக்கும் அம்மருந்துக்கு அடங்காத தொற்று வரலாம்.

இலங்கையில் வைத்தியரின் துண்டின்றி நுண்ணுயிர்க்கொல்லிகளை விற்பதற்குச் சட்டம் இடமளிப்பதில்லை. பழைய துண்டு பழைய நோய்க்கு எழுதப்பட்டது. அடுத்த முறை மருந்தைத் தொடங்குமுன் சிறுநீரிலுள்ள பக்டீரியாவை வளர்த்துப் பார்க்கும் கல்ச்சர் சோதனை செய்யலாமா என்று வைத்தியரிடம் கேளுங்கள். எந்த மருந்து வேலை செய்யும் என்பதை அந்த அறிக்கை காட்டும்.

புதிய மருந்துகள் வருகின்றன, ஆனால் மிக மெதுவாக. இன்று நாம் பயன்படுத்தும் நுண்ணுயிர்க்கொல்லி வகைகளில் பெரும்பாலானவை 1940களுக்கும் 1960களுக்கும் இடையில் கண்டறியப்பட்டவை. தாமதத்துக்கு அறிவியல் சிரமம் ஒரு காரணம். பணம் அதற்குச் சற்றும் குறையாத காரணம் என்பேன். நீரிழிவு மருந்தை ஆயுள் முழுதும் வாங்க வேண்டியிருக்க, நுண்ணுயிர்க்கொல்லியோ சில நாட்களுக்கே தேவைப்படுகிறது. அதிலும் புதியதை வேறு வழியில்லாத நோயாளிக்கென ஒதுக்கி வைப்பதே முறை என்பதால், நல்ல மருந்து விற்காத மருந்தாகிவிடுகிறது. பிளாசோமைசின் என்னும் நுண்ணுயிர்க்கொல்லிக்கு 2018இல் அமெரிக்க அனுமதி பெற்ற அக்காவோஜென் நிறுவனம் மறு ஆண்டே வங்குரோத்தானது. விற்பனை அளவைப் பாராமல் மருந்து நிறுவனத்துக்கு ஆண்டுதோறும் நிலையான தொகை வழங்கும் முறையை இங்கிலாந்து 2022இல் இரண்டு மருந்துகளுக்குத் தொடங்கியது. இதைவிட நேர்மையான தீர்வு எனக்குத் தென்படவில்லை.

சிறுநீர்த் தொற்றுக்கென ஜெபோடிடாசின் என்னும் புதுவகைக் குளிசை 2025இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. எனினும் சிறுநீர்த் தொற்றுகளில் அது சிக்கலற்ற சிறுநீர்ப்பைத் தொற்றுக்கே உரியது. காய்ச்சலும் விலா வலியும் தொற்று சிறுநீரகம்வரை ஏறியிருக்கலாம் என்பதற்கான அறிகுறிகளாதலால், அம்மாவுக்கு ஊசிமருந்தைத் தெரிவுசெய்தது பொருத்தமானதே.