மாடத்தியும் முத்துப்பட்டனும்: திரையில் அடையாளமும் அறமும் (கேள்வி பதில்)

கேள்வி: லீனா மணிமேகலையின் ‘மாடத்தி’யைச் சுயாதீனப் படம் என்று எதனால் சொல்கிறார்கள்?

பதில்: பெரிய நிறுவனத்தை அண்டாமல் பலரிடம் நிதி திரட்டி எடுக்கப்பட்ட படம் அது; 2019இல் தென்கொரியாவின் பூசான் திரைப்பட விழாவில் திரையிடப்பட்டது.

கேள்வி: அதில் அடையாளம் எங்கே பேசப்படுகிறது?

பதில்: பார்வையில். தலித் மக்களின் துணிகளை வெளுத்துவந்த புதிரை வண்ணார், கண்ணில் பட்டாலே தீட்டு என்று ஒதுக்கப்பட்டவர்கள். ஆள் அரவம் கேட்டதும் ஒளிய வேண்டிய சிறுமி யோசனாவை கேமரா விடாமல் பார்த்துக்கொண்டே இருக்கும்போது, ஊர் விதித்த தடையை நாமும் சேர்ந்து மீறுகிறோம்.

கேள்வி: படத்தில் யோசனா இறந்தபின் மாடத்தி என்னும் தெய்வமாகிறாள். கொல்லப்பட்டவளைத் தெய்வமாக்குவது குற்றத்தைக் கழுவிவிடாதா?

பதில்: கழுவிவிடும் ஆபத்து உண்டு. கொடை (ஊர்த் தெய்வத்துக்கு எடுக்கும் விழா) கொடுத்துவிட்டால் கணக்குத் தீர்ந்தது என்று ஊர் நினைத்துக்கொள்ளலாம். ஆனால் நம் வில்லுப்பாட்டு அவ்வளவு எளிதாக விடுவதில்லை. முத்துப்பட்டன் கதையையே பாருங்கள்: பொம்மக்கா, திம்மக்கா என்னும் சக்கிலியர் குலப் பெண்களை மணக்க விரும்பிய அந்தணன், பூணூலையும் குடுமியையும் துறந்து செருப்புத் தைத்துக் காட்டினால்தான் பெண் என்று அவர்களுடைய தந்தை சொன்னதை ஏற்றுக்கொள்கிறான், பின்பு மாடு கவர வந்தவர்களோடு பொருது மடிகிறான். காரையாறு சொரிமுத்து அய்யனார் கோயிலில் பட்டவராயனாக நிற்கும் அவனுக்கு இன்றும் தோல் செருப்புதான் காணிக்கை. சாதியின் பேரால் தீட்டு என்று தள்ளிய பொருளே சன்னதியில் தொங்குகிறது. நாட்டார் வழக்காற்று ஆய்வாளர் நா. வானமாமலை இக்கதையைப் பதிப்பித்தபோது நமக்கு ஒரு திரைக்கதைப் பாடத்தையே தந்துவிட்டார் என்பது என் எண்ணம்.

கேள்வி: ‘பரியேறும் பெருமாள்’ (2018) முடிவு சமரசம் அல்லவா?

பதில்: நான் அப்படிக் கருதவில்லை. இயக்குநர் மாரி செல்வராஜ் கடைசியில் இரண்டு தேநீர்க் குவளைகளை வைத்து, நடுவே ஒரு பூவை மட்டும் கிடத்துகிறார். தலித்துகளுக்கென்று தனிக் குவளை வைக்கும் தேநீர்க் கடைகளின் இரட்டைக் குவளை வழக்கத்தை அறிந்த ஒருவருக்கு அந்தச் சட்டகம் நிம்மதியைத் தராது. குவளைகள் இன்னும் இரண்டாகவே இருக்கின்றன.

கேள்வி: எங்கள் ஊர்க் கொடையைக் குறும்படமாக எடுக்க எண்ணுகிறேன். எங்கே தொடங்குவது?

பதில்: சாமியாடுபவரின் முகத்தில் தொடங்காதீர்கள், எல்லோரும் அதைத்தான் எடுக்கிறார்கள். கொடைக்கான வரி யாரிடம் வாங்குகிறார்கள், யாரிடம் வாங்க மறுக்கிறார்கள் என்று விழாவுக்கு முன்பே விசாரியுங்கள். மறுக்கப்பட்டவர் வீட்டு வாசலில் கேமராவை வைத்து, மேளச் சத்தத்தை அங்கிருந்தே கேட்கச் செய்யுங்கள். அதற்கு அவருடைய சம்மதத்தை முதலில் பெற்றுக்கொள்ளுங்கள்.